மூணேகால்

அக்டோபர் 6, திங்கள்

இன்று மேட்டில் இருந்தவர்கள்: சுத்தியல், அவளுடைய மாணவிகள் இரண்டு பேர், வேன் டிரைவர், என் பேத்தி வாலு, நான். கீழே ஆபீசில், வாக்கி-டாக்கியின் மறுமுனையில், வாலுவின் அப்பன், என் மாப்பிள்ளை. அவனையும் எழுதத்தான் வேண்டும். யார் யார் இருந்தார்கள் என்று அன்றன்றைக்கே எழுதி வைத்துவிட்டால், பின்னால் ஒரு வம்பு வரும்போது “நான் அங்க இல்லவே இல்லையே” என்று எவரும் நழுவ முடியாது. என் வீட்டுக்காரர் இருந்தபோது இதற்காகவே என்னைப் போலீஸ்காரி என்பார்.

சுத்தியல்தான் இங்கே ஆராய்ச்சிக்குப் பெரியவள். பாறையைத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பாள், டாக்டர் முதுகில் குழாய் வைத்துக் கேட்பதுபோல. மழைத்தண்ணீர் இந்த மலைக்குள் எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பதினோரு வருஷமாக அவள் வேலை.

இன்றைக்குப் பச்சைச் சாயத்தை வாளியில் கரைத்து வெடிப்புக்குள் ஊற்றினார்கள். அது கீழே ஒன்பது வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடும் ஓடையில் வந்து சேர மூன்று நாள் ஆகும். போன வருஷமும் மூன்று நாள், அதற்கு முந்தின வருஷமும் மூன்று நாள். காலை ஒன்பதுக்கு ஊற்றினார்கள். பதினொன்றரைக்கு மாப்பிள்ளை வாக்கியில் கத்துகிறான், “பச்சையா வருது! ஓடை பூரா பச்சையா வருது!”

வாலு கைதட்டிக் குதித்தாள். இருபத்திரண்டு வயசு, சுத்தியலிடம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம், இன்னும் குதிப்பு போகவில்லை. “பாட்டி, பெரிய ரிசல்ட்!” என்றாள். மாணவிகளும் சிரித்தார்கள். டிரைவர் எதற்கென்று தெரியாமலே சிரித்தான்.

சுத்தியல் சிரிக்கவில்லை. வெடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் வெடிப்பைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாள் வழி இரண்டரை மணி நேரமாகிவிட்டது என்றால் உள்ளே எவ்வளவு பெரிய வாசல் திறந்திருக்கிறது?

அக்டோபர் 7, செவ்வாய்

அரை. விடாத மழை. மேட்டில் இருக்கிற என் அறைக் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. “ஈரத்துல உப்பியிருக்கும் முளைக்காரம்மா” என்கிறான் டிரைவர். மரக்கதவு உப்பும். இது தகரக்கதவு.

அக்டோபர் 8, புதன்

அரை.

மழையில் வெளியே போக முடியவில்லை. சும்மா உட்கார்ந்தால் கண்டதும் நினைவுக்கு வருகிறது. எழுதுகிறேன்.

வெடிப்பின் இந்தப் பக்கம் ஓர் இரும்பு முளை, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே கம்பி. கம்பியின் முனையில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், ஒரே ஒரு முள். மலை நகர்ந்தால் கம்பி இழுக்கும், முள் நகரும். ஒரு மில்லிமீட்டரை நாலாகப் பிரித்துக் கோடு போட்டிருக்கிறது. காலை ஏழு மணிக்கு முள்ளைப் பார்க்க வேண்டும், வாக்கியில் கீழே சொல்ல வேண்டும், முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பார்த்த வேலை. அவர் போன பிறகு நான். அதனால்தான் என்னை முளைக்காரி என்கிறார்கள். ஆயுசில் எனக்குக் கிடைத்த பட்டப்பெயர்களில் இது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என்னை எழுப்பி, முக்காலும் அரையும் எவ்வளவு என்று கேட்டார். எனக்குத் தெரியும். பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். “இதுக்குப் பின்னம் ஏறாது, மாடு மேய்க்கட்டும்” என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். அதோடு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அன்றைக்கு வகுப்பில் இருந்த இருபத்தாறு பேரின் பேரும் இப்போதும் சொல்வேன். ஒன்றேகால். ஒன்றேகால், வாத்தியாரே! எழுத்து, கால், அரை, முக்கால் எல்லாம் அப்புறம் நானாகப் படித்தேன். கீழே எல்லாரும் “சைபர் புள்ளி ரெண்டு அஞ்சு” என்கிறார்கள். நான் கால் என்றுதான் சொல்வேன். எவரும் மாற்ற முடியாது.

இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் மறக்காதவர்கள் வரிசை இருக்கிறது. முதல் ஆள் வாத்தியார். இரண்டாவது என் அக்கா. என் கல்யாணப் புடவையை வாங்கிக் கட்டிவிட்டுக் கிழித்துக் கொடுத்தாள், கொடுக்கும்போது மடிப்பில் கிழிசலை மறைத்துக் கொடுத்தாள். மூன்றாவது டிரைவர், போன வருஷம் மழையில் என்னை ஏற்றாமல் போனான், பார்க்கவில்லையாம். நாலாவது மாப்பிள்ளை. அந்தப் பேருக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

அக்டோபர் 9, வியாழன்

மூன்றேகால்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மூன்றேகால். முள்ளை விரலால் தட்டினேன். மூன்றேகால்தான்.

இத்தனை வருஷத்தில் ஒன்றைத் தாண்டி நான் பார்த்ததில்லை. வாக்கியை எடுத்து, “மூணேகால்” என்று சொன்னேன். ஒருதரம்தான். எப்போதும் ஒருதரம்தான். சொன்னதும் வாக்கியின் திருகை ‘டக்’ என்று திருப்பி அணைத்துவிடுவேன். அவன் குரல் என் காதில் விழக் கூடாது.

இரண்டு நாள் தொடர்ந்து இரண்டுக்கு மேல் போனால் கீழே ஆபீசில் அபாயச் சங்கு ஊத வேண்டும், ஒன்பது வீடும் காலி செய்ய வேண்டும். அது சுத்தியல் போட்ட விதி. ஒன்பதாவது வீட்டில்தான் வாலுவும் அவள் அப்பனும் இருக்கிறார்கள். மலைக்கு முதுகைக் கொடுத்து நிற்கிற வீடு. அதற்கு அடுத்தது ஆபீஸ்.

நாளைக்கு என்ன காட்டுமோ.

அக்டோபர் 10, வெள்ளி

இரண்டரை. சொன்னேன். டக்.

இரண்டு நாளாகிவிட்டது. சங்கு ஊத வேண்டும். எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மழைதான் ஊதுகிறது.

மதியம் மழை கொஞ்சம் வெறித்தது. மேட்டு ஓரம் போய்க் கீழே பார்த்தேன். ஒன்பது வீட்டிலும் கொடியில் துணி காய்கிறது. வாலுவின் மஞ்சள் துப்பட்டாவை இங்கிருந்தே அடையாளம் கண்டேன். வீட்டைக் காலி பண்ணுகிறவர்கள் துணி காயப்போடுவார்களா?

அக்டோபர் 11, சனி

ஒன்று. குறைந்திருக்கிறது. குறைந்தால் சந்தோஷப்படக் கூடாது என்று சுத்தியல் ஒருதரம் சொன்னாள். “ஓடுறதுக்கு முன்னாடி மூச்சு வாங்குற மாதிரிம்மா” என்றாள். அது என் மண்டையைக் குடைகிறது.

ஏன் சங்கு ஊதவில்லை? மலை நகர்வதைச் சொன்னால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள் என்று பயமா? இல்லை, கிழவி உளறுகிறாள் என்று விட்டுவிட்டார்களா?

வாக்கியைத் திருகிக் கேட்கலாம். நாலு வார்த்தை. ஏன் ஊதல? அவ்வளவுதான். ஆனால் கேட்டால் அவனிடம் கேட்க வேண்டும்.

ஆறு வருஷம் முன்பு, ஜூலை பதினெட்டாம் தேதி, மாலை நாலேகால் மணி. என் மகளுக்குக் காய்ச்சல் என்று தெரிந்து கிளம்பினேன். பையில் துணி வைத்தாயிற்று. அவன் போன் பண்ணி, “சாதாரணக் காய்ச்சல்தான் அத்தை, பயப்பட ஒண்ணுமில்ல, இந்த மழைல நீங்க கிளம்ப வேணாம்” என்றான். பையிலிருந்து துணியை எடுத்து மறுபடி மடித்து அலமாரியில் வைத்தேன். என் கையாலேயே. இருபதாம் தேதி என் மகள் இல்லை. அவள் கடைசியாக என்ன பேசினாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவனோடு ஒரு பேச்சு இல்லை. காலையில் ஒரு எண், டக்.

கதவு இன்று ஒரு கை அகலத்துக்குத் திறந்தே நிற்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஒன்றேகால் என்று சொல்லி அணைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பொறுக்க முடியவில்லை. வழியில் ஓடையைப் பார்த்தேன். பச்சை போய்விட்டது. காப்பித்தண்ணி மாதிரி ஓடுகிறது, மண்.

ஆபீசில் இருந்தவர்கள்: சுத்தியல், மாப்பிள்ளை, வாலு, டிரைவர். எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டீ! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

“எல்லாருக்கும் காது அவிஞ்சுபோச்சா? ஏன் சங்கு ஊதல?” என்றேன்.

சுத்தியல் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டாள். “ஒரு நாள்தானேம்மா ரெண்டுக்கு மேல போச்சு. வெள்ளிக்கிழமை ரெண்டரை. அடுத்த நாள் இறங்கிடுச்சே. நாங்களும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்.”

“வியாழக்கிழமை?”

சுவரில் ஒட்டிய தாளில் வியாழக்கிழமைக் கட்டத்தைக் காட்டினாள். எனக்கு எழுத்துதான் மெதுவாக வரும், எண் டக்கென்று வரும். சைபர், புள்ளி, ஏழு, அஞ்சு. மாப்பிள்ளையின் கையெழுத்து. ஏழுக்கு நடுவே ஒரு கோடு போடுவான்.

முக்கால்!

மூணேகால் சொன்னேன், முக்கால் எழுதியிருக்கிறான்.

அப்புறம் நான் பேசியதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். ஆறு வருஷம் பேசாத வாயால் நேராக அவனைப் பார்த்து, “நீ பொய் எழுதியிருக்கே. அன்னிக்கும் பொய் சொன்னே, இன்னிக்கும் பொய். என் மகளைத் தின்னது பத்தாதா? பேத்தியையும் மண்ணுக்குள்ள போடப் பாக்கிறியா?” என்றேன். நீ என்று சொல்லிவிட்டேன், மாப்பிள்ளையை, நாலு பேர் முன்னால்.

டிரைவர் டீ டம்ளரோடு வெளியே போய் மழையில் நின்றுகொண்டான்.

மாப்பிள்ளை கத்தவில்லை. மெதுவாக, “எனக்கு முக்கால்னுதான் கேட்டுச்சு அத்தை. மழைல வாக்கி கரகரன்னுது. திருப்பிச் சொன்னேன், ‘முக்கால், சரிதானா அத்தை?’ன்னு. நீங்க போயிட்டீங்க” என்றான்.

“யார்கிட்ட கதை விடுறே?”

வாலு குறுக்கே வந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. “கதை இல்ல பாட்டி. அப்பா தினமும் திருப்பிச் சொல்வாரு. ‘அரை, சரிதானா அத்தை?’ சொல்லிட்டு நீ பதில் சொல்லுவேன்னு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாரு. அப்புறம்தான் எழுதுவாரு. நான் தினமும் பாக்கிறேன். நீதான் அணைச்சுட்டுப் போயிருவே.”

கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் ‘சரி’ என்று சொல்ல வேண்டும். வாக்கி கொடுத்த அன்றைக்கே சொல்லித்தந்த முறை. என் வீட்டுக்காரர் ஒருநாள் தப்பாமல் சரி சொல்வார். நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

எனக்கு அப்போதும் தோற்க மனசில்லை. “போன மாசம் கடைசித் திங்கள் முளைக்கு முளை டேப் பிடிச்சு அளந்தீங்களே, அதிலேர்ந்து சொல்றேன், எண்ணிக்கங்க. கால், கால், ஒண்ணுமில்ல, அரை, கால், கால், அரை, அரை, அரை, மூணேகால், ரெண்டரை, ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணேகால். மொத்தம் பதினொண்ணு” என்றேன்.

சுத்தியல் தாளைக் கூட்டிப் பார்த்தாள். தாளில் எட்டரை வந்தது. இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு மழையில் என்னோடு மேலே ஏறினாள். அவள் ஒரு முளையில் பிடித்தாள், வாலு இன்னொரு முளையில். மூன்று தடவை அளந்து, போன மாச அளவைக் கழித்தார்கள்.

பதினொன்று.

சுத்தியல் டேப்பைச் சுருட்டாமல் அப்படியே சேற்றில் போட்டாள். அவள் ஒரு பொருளைக் கீழே போட்டு நான் பார்த்ததே இல்லை. “ரெண்டு நாள் போயிடுச்சும்மா” என்றாள்.

பொழுது சாயப்போகிறது, பாதையில் மண் சரிந்து வேன் ஏற முடியவில்லை. குழந்தைகளையும் வயசானவர்களையும் மட்டும் இன்றே ஆற்றுக்கு அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் நாளைக் காலை, மண்ணை அள்ளி வேனுக்கு வழி பண்ணிய பிறகு. நான் மணிக்கு ஒருதரம் முள் பார்த்துச் சொல்ல வேண்டும். சங்கு ஆபீசில் இருப்பதால் மாப்பிள்ளை அங்கே இருக்க வேண்டும். முள் சுற்ற ஆரம்பித்தால் நான் மேட்டை விட்டு வடக்கே முதுகுப்பாறைக்கு ஓடிவிட வேண்டும். அது அசையாத பாறை.

கிளம்பும்போது சுத்தியல் சொன்னாள், “இனிமே ‘மூணு புள்ளி ரெண்டு அஞ்சு’ன்னு சொல்லுங்கம்மா. அவர் திருப்பிச் சொன்னதும் ‘சரி’ன்னு சொல்லிட்டு அணைங்க.” சரி என்றேன். அவளிடம் சொல்ல வாய் வந்தது.

அக்டோபர் 13, திங்கள்

(அன்று தேதி மட்டும் எழுதினேன். இந்த வரி பின்னால் சேர்த்தது.)

அக்டோபர் 17, வெள்ளி

பள்ளிக்கூடத்து வகுப்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெஞ்சு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுடையது. முழங்கால் இடிக்கிறது.

திங்களன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நானே மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

ஏழு மணி. “ரெண்டு புள்ளி அஞ்சு” என்றேன். “ரெண்டரை. சரிதானா அத்தை?” என்றார். விரல் திருகின் மேலே இருந்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டு, “சரி” என்றேன். “நன்றி அத்தை” என்றார். எதற்கு நன்றி?

எட்டு மணி. ஒன்று. சரி.

ஒன்பது மணி. ஒன்றரை. சரி.

பத்து மணி. இரண்டு. ஒரு மணி நேரத்தில் இரண்டு. சரி என்றேன். வீடுகள் ஏழு காலியாகிவிட்டன, இன்னும் இரண்டுதான், வாலு சாமான்களோடு அக்கரைக்குப் போய்விட்டாள் என்றார். அப்புறம் கரகரப்புக்கு நடுவே சொன்னார், “அத்தை, அன்னிக்கு டாக்டர் என்கிட்ட என்ன சொன்னாரோ, அதைத்தான் உங்ககிட்டத் திருப்பிச் சொன்னேன். சாதாரணக் காய்ச்சல்னுதான் சொன்னாங்க.”

காதில் தெளிவாக விழுந்தது. அதற்கு நான் சரி சொல்லவில்லை. அணைத்துவிட்டேன். மனசுக்குள், பதினொரு மணிக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அப்படி வைத்திருந்தேன் என்பது உண்மை. இதை எவரும் நம்ப வேண்டாம்.

பத்தேமுக்காலுக்கு என் அறைக்குள் தட்டு தானாக அலமாரியிலிருந்து விழுந்தது. வெளியே ஓடினேன். முள் நிற்கவில்லை. கண்ணெதிரே சுற்றுகிறது. பக்கத்து மரங்களில் ஒரு குருவி இல்லை. மண்ணுக்குள்ளிருந்து மாவு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம், காலில்தான் கேட்டது, காதில் இல்லை.

வாக்கியில் கத்தினேன். “முள்ளு சுத்துது! ஊதுங்க! எல்லாரும் போங்க! நீங்களும் போங்க மாப்பிள்ளை!” ஆறு வருஷத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை என்றேன். சங்குச் சத்தம் கேட்டது. இடுப்பில் செருகிய இந்த நோட்டோடு நான் முதுகுப்பாறைக்கு ஓடினேன்.

பாறையில் ஏறித் திரும்பியபோது மேடு இல்லை. என் அறை இல்லை. முளை இல்லை. கீழே ஒன்பது வீட்டு வரிசை இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு வயல் கிடந்தது. அது இன்னும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

வீடுகளில் ஒருத்தர்கூட இல்லை. எல்லாரும் தப்பினார்கள். ஆபீசில் மாப்பிள்ளை இருந்தார்.

டிரைவர் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். “சங்கு ஊதிட்டு வெளிய வந்தாரும்மா. வேன் பக்கத்துலயே வந்துட்டாரு. அப்புறம், ‘அத்தை இன்னும் சரின்னு சொல்லலை, மேல விழுந்து கிடக்காங்களோ என்னமோ, ஒரு நிமிஷம்’னு திரும்பிப் போனாரு. நான் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். பட்டன்தான் கையில வந்துச்சு. உள்ள அவரு வாக்கியில கூப்பிடுறது கேட்டுச்சு. ‘அத்தை, கேக்குதா? சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தை.’ ரெண்டு தடவை கேட்டுச்சு.”

பட்டனை வாலுவிடம் கொடுத்தான்.

மதியம் வாலு என்னைத் தேடிப் பாறைக்கு ஏறி வந்தாள். முதலில் கட்டிக்கொண்டாள். அப்புறம் என் கழுத்தில் தொங்கிய வாக்கியைக் கையில் எடுத்தாள். திருகைப் பார்த்தாள்.

அணைந்திருந்தது.

நான் அணைக்கவில்லை. அணைத்த ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இல்லாத ஒரு காரியம்! இருபத்தாறு பேரின் பேரைச் சொல்கிறவளுக்கு! சொன்னேன், டக். சொன்னேன், டக். ஆறு வருஷமாக விரல் படித்த பாடம். அது தானாகச் செய்துவிட்டது.

அன்றைக்குக் காலையில் நான் நாலு தடவை சரி சொல்லாமல் இருந்திருந்தால், ஐந்தாவதுக்கு அவர் காத்திருக்க மாட்டார். எப்போதும்போலக் கிழவி அணைத்துவிட்டாள் என்று வேனில் ஏறியிருப்பார்.

வாலு வாக்கியை என் கழுத்தில் திரும்ப விட்டுவிட்டு, எனக்கு முன்னால் பாறையை விட்டு இறங்கினாள்.

அக்டோபர் 18, சனி

மண்ணைத் தோண்டியதில் அவர் கிடைத்தது புதன்கிழமை. இருந்தவர்கள்: எல்லாரும். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

வாலு எனக்குத் தட்டில் சாப்பாடு வைக்கிறாள், போர்வை மடிக்கிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள். பேசுவதில்லை. “கண்ணு” என்று கூப்பிட்டால் நின்று, காத்திருந்து, நான் ஒன்றும் சொல்லாததால் போய்விடுகிறாள்.

என்ன சொல்வது? நான் அணைக்கலை என்றா? திருகு பொய் சொல்லாது.

அவள் என் ரத்தம். எவ்வளவு நாள் பேசாமல் இருக்க முடியும் என்று எனக்குத்தான் தெரியும். அதுதான் பயமாக இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

கடைசிப் பக்கத்தை எடுத்தேன். டிரைவர் பேரைக் கோடு போட்டு அடித்தேன், அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அக்காவை அடித்தேன், புடவைதானே. வாத்தியாரைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அடித்தேன். செத்துப் பல வருஷம் இருக்கும்.

மாப்பிள்ளை பேருக்குக் கீழே இருந்த இரண்டு கோட்டையும் சுரண்டி எடுத்தேன். தாள் அவர் பேரோடு கிழிந்துவிட்டது.

நவம்பர் 24, திங்கள்

மலையின் மற்றத் தோளிலும் ஒரு வெடிப்பு. கீழே இன்னொரு வீட்டு வரிசை, பதினான்கு வீடு. சுத்தியல் புது முளை அடித்திருக்கிறாள். மேலே முள் பார்க்க வாலு போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கீழே வாக்கியில் கேட்டு எழுத ஆள் வேண்டும்.

“நீங்க உட்காருங்கம்மா” என்றாள் சுத்தியல்.

“என்னையா? என்னை நம்பியா?”

“சரிபாக்காம விட்டா என்ன ஆகும்னு உங்களை விட யாருக்குத் தெரியும்?”

அவள் குத்தவில்லை. பாறையைத் தட்டுகிற மாதிரிதான் சொன்னாள். ஆனாலும் உள்ளே போயிற்று.

டிசம்பர் 15, திங்கள்

இன்று இருந்தவர்கள்: கீழே புது ஆபீசில் நான், வாசலில் வேன் துடைத்துக்கொண்டு டிரைவர். மேலே வாலு.

ஏழு மணிக்கு வாக்கி கரகரத்தது. “சைபர் புள்ளி ரெண்டு அஞ்சு” என்றாள். பாட்டி இல்லை, ஒன்றும் இல்லை. டக்.

மூன்று வாரமாக இப்படித்தான். சுத்தியல் அவளைக் கூப்பிட்டுக் கண்டித்தாள். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். என் பேத்தி அல்லவா.

நான் தினமும் செய்கிறபடி செய்தேன். செத்துப்போன வாக்கியை வாய்க்கருகே வைத்து, “கால். சரிதானா கண்ணு?” என்று கேட்டேன். அவர் உட்கார்ந்ததுபோலவே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இந்த இடம் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆறு வருஷம் ஒவ்வொரு காலையும் ஒரு மனுஷனை இதற்குள் உட்கார வைத்திருக்கிறேன். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, டிரைவரை மேலே அனுப்பி, முள்ளை அவன் கண்ணால் பார்த்து வரச் சொன்னேன். கால்தான். பிறகுதான் எழுதினேன். தினமும் அவனை அனுப்புகிறேன். “முட்டி தேயுது முளைக்காரம்மா” என்று புலம்பிக்கொண்டே ஏறுகிறான். தேயட்டும்.

இன்றைக்கு அந்த டக் கொஞ்சம் தாமதமாக வந்தது போலிருந்தது. ஒரு மூச்சு நேரம் அவள் அங்கே இருந்தாள். மழைச்சத்தம் கேட்டது. அவள் பேசவில்லை, ஆனால் இருந்தாள். எனக்கு அப்படிக் கேட்டது. திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ள வழியில்லை.

அவள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. கடைசிப் பக்கத்தில் அவள் பேர் வராது. அங்கே கிழிசலுக்குக் கீழே இப்போது ஒரே ஒரு பேர்தான் இருக்கிறது. இதை மட்டும் அடிக்க மாட்டேன்.

முளைக்காரி.